80,000 கலம் நெல்: கண்ணால் பார்த்தவர் எழுதினால் அது வரலாறா?

(எபிசோடின் எழுத்து வடிவம். பேச்சை முடிந்தவரை அப்படியே விட்டிருக்கிறோம். படிக்க வசதியாகச் சில இடங்களை மட்டும் சுருக்கியிருக்கிறோம்.)

தஞ்சாவூர் சிவகங்கைக் குளத்துப் பக்கம் போயிருக்கீங்களா? பெரிய கோயிலைப் பார்த்துட்டு அப்படியே பஸ் ஏறிடறவங்கதான் அதிகம். அந்தக் குளத்துக்குப் பக்கத்துல ஒரு பழைய சர்ச் இருக்கு. ஊர்ல அதுக்குப் பேர் ஸ்வார்ட்ஸ் சர்ச். 1779-ல் கட்டியது. உள்ளே ஒரு வெள்ளைப் பளிங்குச் சிற்பம். கட்டிலில் ஒரு முதியவர் சாகக் கிடக்கிறார். அவர் கையைப் பிடித்துக்கொண்டு ஒருத்தர் நிற்கிறார். நிற்பவர் இரண்டாம் சரபோஜி மன்னர். கிடப்பவர் ஜெர்மனியிலிருந்து வந்த பாதிரியார் கிறிஸ்டியன் ஃபிரெடெரிக் ஸ்வார்ட்ஸ். லண்டனில் ஜான் ஃப்ளாக்ஸ்மன் செதுக்கியது, செலவு சரபோஜியுடையது.

இந்த ஸ்வார்ட்ஸ் எழுதிய ஒரு கடிதத்தில் வரும் ஒரு சம்பவத்தை வைத்துத்தான் இன்றைய எபிசோட். ஆனால் நடுவில் உங்களை 900 வருஷம் பின்னால், ஜெருசலேம் வரைக்கும் கூட்டிக்கொண்டு போகப் போகிறேன். காரணம் இருக்கு.

முதலில் சம்பவம்.

1780 ஜூலையில் ஹைதர் அலி கர்நாடகப் பகுதிக்குள் படையோடு இறங்கினார். அடுத்த வருஷம் அந்தப் படை காவிரி டெல்டாவுக்குள் வந்தது. நம்ம பக்கத்தில் இதை ‘ஹைதர் கலாபம்’ என்று சொல்வார்கள். கிராமங்கள் காலி ஆகின, ஜனங்கள் தஞ்சாவூர்க் கோட்டைக்குள் ஓடி வந்தார்கள். கோட்டைக்குள் சாப்பாடு இல்லை. ஸ்வார்ட்ஸ் அப்போது கோட்டையில்தான் இருந்தார். பட்டினியில் சிப்பாய்கள் நின்ற இடத்திலேயே விழுந்தார்கள், காலையில் எழுந்து பார்த்தால் தெருவோரம் பிணங்கள் வரிசையாகக் கிடந்தன என்று எழுதுகிறார்.

இதில் விநோதம், வெளியே நெல் இருந்தது. டெல்டா ஆச்சே, நெல் இல்லாமல் போகுமா? நெல்லைக் கோட்டைக்குள் கொண்டுவர மாடு இல்லை. அதாவது மாடு இருந்தது, கொடுக்கத்தான் ஆள் இல்லை. இதற்கு முன்னால் நெல் கொண்டுவந்து இறக்கிய குடியானவர்களுக்குச் சேர வேண்டிய காசை துபாஷிகள் வாயில் போட்டுக்கொண்டார்கள். அதனால் இந்த முறை ஊர்க்காரர்கள் மாடுகளை ஓட்டிக்கொண்டு போய்விட்டார்கள். ராஜா துளஜா உத்தரவு போட்டார், கெஞ்சியும் பார்த்தார். ஒருத்தரும் அசையவில்லை. கடைசியில் அவர் அங்கிருந்த ஆங்கிலேய அதிகாரி ஒருவரிடம் சொன்னாராம்: நீங்களும் நானும் நம்பிக்கையை இழந்துவிட்டோம், இந்தப் பாதிரியாரையாவது நம்புகிறார்களா பார்ப்போம். ஸ்வார்ட்ஸ் கைக்கு ஒரு வெற்றுத்தாள் வந்தது. உன் இஷ்டப்படி ஒப்பந்தம் எழுதிக்கொள் என்று அர்த்தம்.

அவர் சுற்று வட்டாரத்துக்கெல்லாம் கடிதம் அனுப்பினார். என் கையாலேயே காசு கொடுக்கிறேன். எதிரி மாட்டைப் பிடித்துக்கொண்டு போனால் அதற்கும் நானே பொறுப்பு. ஒன்றிரண்டு நாளில் ஆயிரத்துக்கு மேல் மாடுகள் வந்து நின்றன. உபதேசியார் ஒருவரும் வேறு சில கிறிஸ்தவர்களும் உயிரைப் பணயம் வைத்து வெளியே போனார்கள். மிகச் சில நாட்களில் 80,000 கலம் நெல் கோட்டைக்குள் வந்தது. கோட்டை தப்பியது. எல்லாம் முடிந்த பிறகு எல்லோருக்கும் கூலி கொடுத்து, கூடவே சின்ன அன்பளிப்பும் கொடுத்து அனுப்பினாராம்.

நல்ல கதை. நேரில் இருந்தவர் எழுதியது. அப்போ இது அப்படியே உண்மை, இல்லையா?

இந்தக் கேள்வியை உலகத்திலேயே அதிகமாகப் போட்டு அலசியவர்கள் சிலுவைப் போர் வரலாற்றை ஆராய்கிறவர்கள். 1095 நவம்பரில் போப் இரண்டாம் அர்பன் பிரான்சில் கிளெர்மோன் என்ற ஊரில் அழைப்பு விடுத்தார்; 1099 ஜூலை 15 அன்று ஜெருசலேம் விழுந்தது. இந்த நாலு வருஷத்தைப் பற்றி, கூடவே நடந்து போன ஆட்கள் லத்தீனில் எழுதிய புத்தகங்கள் கிடைக்கின்றன. ஒன்று ‘கெஸ்டா ஃபிராங்கோரம்’. எழுதியவர் பெயர் தெரியாது. தெற்கு இத்தாலியிலிருந்து வந்த போஹெமண்ட் என்ற தலைவனின் படையில் இருந்தவர் என்று மட்டும் புரிகிறது. இன்னொருவர் ரேமண்ட், துலூஸ் பிரபுவின் பாதிரியார். மூன்றாமவர் ஃபுல்ச்சர், பால்ட்வின் என்ற பிரபுவின் பாதிரியார். கவனிங்க, ஒவ்வொருத்தரும் ஒரு முதலாளியோடு போனவர். அவரவர் முதலாளி நின்ற இடத்திலிருந்துதான் அவரவருக்குப் போர் தெரிகிறது.

ஒரு உதாரணம் சொல்றேன், எனக்கு ரொம்பப் பிடிச்சது. 1098 ஜூனில் அந்தியோக்கியா நகருக்குள் சிலுவைப் படை மாட்டிக்கொண்டு பட்டினி கிடந்தது. பீட்டர் பர்த்தலோமியு என்ற ஒரு சாதாரண ஆள், ஏசுவின் விலாவில் குத்திய ஈட்டி இங்கே ஒரு தேவாலயத்தின் தரைக்கடியில் புதைந்திருக்கிறது, கனவில் பார்த்தேன் என்றான். தோண்டினார்கள். ஒரு இரும்பு முனை கிடைத்தது. ரேமண்ட் அந்தக் குழி அருகிலேயே இருந்தார். முனை மண்ணுக்கு வெளியே எட்டிப் பார்த்த உடனே நான் முத்தமிட்டேன் என்று எழுதுகிறார். இதைவிட நேரடிச் சாட்சி வேண்டுமா? ஆனால் ஃபுல்ச்சர், அது ஏமாற்று வேலையாக இருக்கலாம் என்ற சந்தேகத்தோடு எழுதுகிறார். வேடிக்கை என்னவென்றால் ஃபுல்ச்சர் அப்போது அந்தியோக்கியாவில் இல்லவே இல்லை. தன் முதலாளியோடு எடெஸாவில் இருந்தார்.

இப்போ சொல்லுங்க. குழிக்குப் பக்கத்தில் இருந்தவரை நம்புவீர்களா, தூரத்தில் இருந்தவரையா? பக்கத்தில் இருந்தவருடைய முதலாளிதான் அந்த ஈட்டியால் செல்வாக்குப் பெற்றவர். அடுத்த வருஷம் பீட்டரை நெருப்புக்குள் நடக்கவிட்டு சோதித்தார்கள், அந்தக் காயத்தில் அவன் செத்துப்போனான். அப்போதும் ரேமண்ட், நெருப்பு அவனை ஒன்றும் செய்யவில்லை, வெளியே வந்தவனைக் கூட்டம் மொய்த்து மிதித்துவிட்டது என்றே எழுதினார். அவர் பொய் சொன்னார் என்று நான் சொல்ல வரவில்லை. நம்ப வேண்டும் என்று முடிவு செய்த கண்ணுக்கு அப்படித்தான் தெரிந்திருக்கும்.

அதே ரேமண்ட்தான் ஜெருசலேம் விழுந்த நாளில், குதிரைமேல் இருந்தவர்களின் முழங்கால் வரை, குதிரையின் கடிவாளம் வரை ரத்தம் ஓடியது என்று எழுதியவர். இதை இன்றும் ஃபார்வர்ட் மெசேஜ்களில் பார்க்கலாம். ஆனால் அந்தக் கடிவாள அளவு ரத்தம் பைபிளின் வெளிப்படுத்தின விசேஷத்தில், 14-ஆம் அதிகாரத்தில் ஏற்கனவே இருக்கிறது. பார்த்ததை எழுதும்போது கை தானாகப் படித்ததை எழுதுகிறது. படுகொலை நடக்கவில்லை என்று அர்த்தம் இல்லை. நடந்தது. அதற்கு எனக்குப் பெரிய ஆதாரமாகப் படுவது ஃபுல்ச்சர் எழுதிய வேறொரு சின்ன விஷயம். அவர் ஜெருசலேமுக்கு அந்த வருஷ டிசம்பரில்தான் வந்தார். கொலை நடந்து ஐந்து மாதம் ஆகிவிட்டது. அப்போதும் மதில் சுற்றிலும் பிண நாற்றம் தாங்க முடியவில்லை என்று எழுதியிருக்கிறார். அந்த வரியால் அவர் தரப்புக்கு எந்தப் பெருமையும் இல்லை. மூக்கைப் பொத்திக்கொண்டு எழுதியது போல இருக்கிறது.

எண்ணிக்கை விஷயத்தில் இவர்களை நம்பவே கூடாது. நைசியா நகரில் கூடியிருந்த படை ஆறு லட்சம் என்று ஃபுல்ச்சர் சொல்கிறார். இன்றைய ஆய்வாளர்கள் ஆயிரங்களில்தான் பேசுகிறார்கள், கூட வந்த ஜனங்களையும் சேர்த்தாலும் லட்சத்தைத் தாண்டுவதில்லை. ‘ஆறு லட்சம்’ என்றால் கண்ணுக்கு எட்டின தூரம் வரைக்கும் தலைகள் என்று எடுத்துக்கொள்ள வேண்டியதுதான். நம்ம ஊர்த் திருவிழாவுக்கு ‘லட்சக்கணக்கில் கூட்டம்’ என்று போடுகிற மாதிரி.

சரி, டெல்டாவுக்குத் திரும்புவோம். நேராக 1781-க்கு இல்லை, வழியில் ஒரு ஸ்டாப்.

1614 அக்டோபரில் விஜயநகரப் பேரரசர் வேங்கடபதி ராயர் இறந்தார். வாரிசுச் சண்டை. ஜக்கராயன் என்ற பிரபு, புதிய அரசரைக் குடும்பத்தோடு சிறை வைத்து, பிறகு கொன்றேவிட்டான். எதிர்த்து நின்றவர் யாசம நாயுடு. அவருக்குத் துணை நின்றவர் தஞ்சை ரகுநாத நாயக்கர். 1616-17 வாக்கில் திருச்சிக்கும் கல்லணைக்கும் நடுவில், தோப்பூரில் பெரும் போர் நடந்தது. ஜக்கராயன் அழிந்தான். அதே காலத்தில் நடந்த ஐரோப்பியச் சண்டைகளை நம்ம பாடப்புத்தகத்தில் படித்திருப்போம், தோப்பூரை எத்தனை பேர் படித்தோம்?

இதற்கு மூன்று விதமான எழுத்து இருக்கிறது. முதலாவது, மனுவேல் பராடாஸ் என்ற ஏசு சபைப் பாதிரியார் 1616 டிசம்பர் 12 அன்று கொச்சியிலிருந்து எழுதிய கடிதம். ராபர்ட் சிவெல் 1900-ல் வெளியிட்ட விஜயநகர வரலாற்று நூலில் இதன் ஆங்கில வடிவம் இருக்கிறது. கதை விறுவிறு என்று ஓடும். சிறைக்குள் துணி வெளுக்கப் போய்வந்த ஒரு வண்ணார், அரசரின் நடுப்பிள்ளையைத் துணி மூட்டைக்குள் வைத்து வெளியே கடத்திவிடுகிறார். அந்தப் பையன்தான் பிறகு ராமதேவ ராயர் என்று பேரரசர் ஆகிறான். அந்த வண்ணாரின் பெயர் கடிதத்தில் இல்லை. கடிதத்தின் கடைசிப் பகுதியில், திருச்சி சமவெளியில் பத்து லட்சம் வீரர்கள் திரண்டு நிற்கிறார்கள் என்று ஒரு கணக்கு வருகிறது. ஃபுல்ச்சரின் ஆறு லட்சத்துக்கு அண்ணன். எழுதியவர் கொச்சியில் உட்கார்ந்து மற்றவர்கள் சொன்னதைக் கோத்து எழுதுகிறார் என்பதையும் மறக்க வேண்டாம். ஆனால் அதற்காக இதைத் தூக்கிப் போடவும் முடியாது. ஜெர்மனியில் ஆகென் நகரத்தில் ஆல்பர்ட் என்று ஒருவர், ஜெருசலேம் பக்கமே போகாமல், திரும்பி வந்தவர்களிடம் கேட்டுக் கேட்டு முதல் சிலுவைப் போரைப் பற்றிப் பெரிய நூல் எழுதினார். ரொம்ப நாள் அதைச் சந்தேகமாகவே பார்த்தவர்கள் இப்போது மதிக்கிறார்கள். பல பேரிடம் கேட்டு எழுதுகிறவருக்கு, ஒரே முதலாளியோடு நடந்தவருக்குத் தெரியாதது தெரியும்.

இரண்டாவது, தஞ்சை அரண்மனையில் எழுதியது. ராமபத்ராம்பா. பெண் கவி, ரகுநாதரின் அவையில் இருந்தவர். சமஸ்கிருதத்தில் 12 சர்க்கங்களில் ‘ரகுநாதாப்யுதயம்’ எழுதினார். பெயரைப் பார்த்தாலே தெரியும். அவருக்கு ரகுநாதர் வெறும் ராஜா இல்லை, ராமனே திரும்பி வந்த மாதிரி. அப்போ தோப்பூரில் எதிரில் நிற்பவன் யாராக இருக்க முடியும்? ராமனுக்கு எதிரே நின்றவன் மாதிரிதானே. ரேமண்டின் கை பைபிளுக்குப் போனது போல இவர் கை ராமாயணத்துக்குப் போகிறது. மூன்றாவது, யாசம நாயுடு குடும்பத்தின் தெலுங்கு வரலாறு, ‘வெலுகோட்டிவாரி வம்சாவளி’. அதில் நாயகன் யாசமன். ஒரே போர். தஞ்சாவூரில் படித்தால் ஒரு நாயகன், வெலுகோட்டி வீட்டில் படித்தால் வேறு நாயகன்.

என் அபிப்பிராயம், இந்த மூன்றில் யார் சரி என்று தீர்ப்பு சொல்வதைவிட, மூன்றிலும் பொதுவாக இருப்பது எது என்று பார்ப்பது பிரயோஜனம். ஒருவரையொருவர் படித்திருக்கவே வாய்ப்பில்லாத கொச்சிப் பாதிரியாரும் தஞ்சைக் கவியும் சேர்ந்து சொல்கிற விஷயம் ஒன்று இருந்தால் அதில் கை வைத்து நிற்கலாம். ஜக்கராயன் ஒரு பக்கம், தஞ்சையும் யாசமனும் மறுபக்கம் என்கிற அணி பிரிப்பு அப்படிப்பட்டது.

இப்போ இந்தக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஸ்வார்ட்ஸ் கடிதத்தைத் திரும்பப் படிப்போம்.

எப்போது எழுதினார்? 1794-ல். நடந்து 12, 13 வருஷம் கழித்து. யாருக்கு? லண்டனில் இருந்த ஒரு கிறிஸ்தவ சங்கத்துக்கு. ஏன்? 1793-ல் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் கிழக்கிந்தியக் கம்பெனியின் சாசனத்தைப் புதுப்பிப்பது பற்றி விவாதம். அதில் ஒருவர், இந்த மிஷனரிகளால் மதம் மாறியவர்கள் உருப்படாதவர்கள் என்கிற மாதிரிப் பேசியதாகச் செய்தித்தாளில் வந்தது. அதற்குப் பதில்தான் இந்தக் கடிதம். அப்படியென்றால் 80,000 கலம் நெல் இங்கே வெறும் நினைவு கிடையாது. வாதத்தில் ஒரு சாட்சிப் பொருள். உபதேசியாரும் கிறிஸ்தவர்களும் உயிரைப் பணயம் வைத்துப் போனார்கள் என்ற வரி ஏன் அங்கே இருக்கிறது என்று இப்போது புரிகிறதா? ‘உருப்படாதவர்கள்’ என்றீர்களே, இதோ பாருங்கள்!

குற்றவாளிகள் யார் என்பதையும் பாருங்க. துபாஷிகள். இரண்டு பக்கமும் பேசும் உள்ளூர் இடைத்தரகர்கள். அவர்கள் திருடியிருப்பார்கள், சந்தேகமில்லை. ஆனால் 1773-ல் ஆற்காட்டு நவாபுக்காக இதே தஞ்சாவூர்க் கோட்டையைப் பிடித்துக் கொடுத்தது கம்பெனிப் படைதான். 1776-ல்தான் துளஜாவுக்கு ராஜ்யம் திரும்பக் கிடைத்தது. குடியானவர்கள் நம்பிக்கை இழக்க துபாஷிகள் மட்டுமா காரணம்? லண்டனில் படிக்கப்போகிறவர்களுக்கு அதை விளக்கி எழுத ஸ்வார்ட்ஸுக்கு அவசியம் இருந்திருக்காது. ஆனாலும், நீங்களும் நானும் நம்பிக்கையை இழந்துவிட்டோம் என்று ராஜா சொன்னதை அவர் மறைக்கவில்லை. அந்த ‘நீங்களும்’ கம்பெனியைத்தான் குறிக்கிறது.

அடுத்து கணக்கு. இது எனக்கே செய்து பார்க்க ஆசை. டெல்டாவில் 12 மரக்கால் ஒரு கலம், இரண்டு கலம் ஒரு மூட்டை. வீட்டில் வயசானவங்க இருந்தால் கேளுங்க, இன்னும் இந்தக் கணக்கில்தான் பேசுவாங்க. 80,000 கலம் என்றால் 40,000 மூட்டை. ஒரு பொதிமாடு இரண்டு மூட்டை சுமக்கும் என்று வைப்போம். ஆயிரம் மாடு ஒரு நடைக்கு 2,000 மூட்டை. அப்போ 20 நடை. வண்டி கட்டியிருந்தால், ஆயிரம் மாட்டுக்கு 500 வண்டி, வண்டிக்குப் பத்து மூட்டை, எட்டு நடை. எதிரிக் குதிரைகள் திரியும் வழியில் போய், நெல்லை அளந்து ஏற்றி, திரும்ப வந்து இறக்கி, மறுபடியும் போக வேண்டும். அந்தக் கால மரக்கால் ஊருக்கு ஊர் கொஞ்சம் கூடும், குறையும். எப்படிப் போட்டாலும் முடியாத காரியம் இல்லை. ஆனால் ‘மிகச் சில நாட்கள்’ என்பதைக் கொஞ்சம் இழுத்துத்தான் படிக்க வேண்டும். பராடாஸின் பத்து லட்சம் இந்தச் சோதனையில் ஒரு நிமிஷம்கூட நிற்காது. பத்து லட்சம் பேருக்கு ஒரு நாளைக்கு எவ்வளவு அரிசி வேண்டும் என்று கணக்குப் போட்டாலே போதும். ஸ்வார்ட்ஸின் எண் நிற்கிறது. கையால் காசு எண்ணிக் கொடுத்தவருடைய எண் அது.

காசு என்றதும் இன்னொன்று. கூலி கொடுக்கும்போது, தன்னிடம் இருந்த பிறர் பணத்தையும் எடுத்துக் கொடுத்தேன் என்று போகிற போக்கில் எழுதுகிறார். ஒரு பாதிரியார், தன்னைத் தாங்கும் சங்கத்துக்கு எழுதும் கடிதத்தில், நம்பி ஒப்படைத்த பணத்தில் கை வைத்தேன் என்று எழுத வேண்டிய கட்டாயம் என்ன? ஃபுல்ச்சரின் பிண நாற்றம் மாதிரியான வரி இது. ‘கெஸ்டா’ எழுதியவரும் தன் ஆட்கள் அந்தியோக்கியா மதிலில் கயிறு கட்டி இறங்கி ஓடியதை எழுதினார். பிறகு மஆர்ரா என்ற ஊரில் பட்டினியால் தன் ஆட்களே பிணத்தைத் தின்றதையும் எழுதினார். இந்த மாதிரி வரி வந்தால் நான் வேகத்தைக் குறைத்துப் படிப்பேன்.

ஒரு விஷயத்தில் இரண்டும் ஒன்று இல்லை என்பதையும் சொல்லியாகணும். லத்தீன் நூல்களில் போரே மதத்துக்காக நடக்கிறது. ஸ்வார்ட்ஸ் மிஷனரிதான், ஆனால் ஹைதர் படையெடுப்பை அவர் மதப்போராக எழுதவில்லை. 1779-ல் மெட்ராஸ் அரசு சார்பாக ஸ்ரீரங்கப்பட்டணம் போய் ஹைதரை நேரில் சந்தித்துப் பேசியவர் அவர். போர் நடந்தபோதும், இந்தப் பாதிரியாரைத் தடுக்காமல் போகவிடுங்கள் என்று ஹைதர் தன் அதிகாரிகளுக்குச் சொல்லியிருந்தார். ஹைதர் கலாபத்தை இன்றைக்கு மதச் சண்டையாக வைத்து வருகிற வீடியோக்களில் ஸ்வார்ட்ஸ் பெயரைச் சாட்சியாகப் பார்த்தால், அவர் எழுதியதை ஒருமுறை எடுத்துப் பாருங்க.

கடைசியாக, மாட்டுக்காரர்கள். ஆயிரம் மாடு என்றால் நூற்றுக்கணக்கான வீடுகள். ஏற்கனவே ஏமாந்தவர்கள். உத்தரவுக்கு வராதவர்கள், ஒரு காகிதத்தை நம்பி வந்தார்கள். அவர்களுக்குள் என்ன பேச்சு நடந்திருக்கும்? ‘இவனையும் நம்பலாமா?’ என்று ஒரு வீட்டில் சண்டையே நடந்திருக்கும். எதிரி பிடித்த மாடுகளுக்குக் கேட்ட விலை கிடைத்ததா? கடிதம் அவர்களை ‘ஊர்க்காரர்கள்’ என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறது. உயிரைப் பணயம் வைத்துப் போனார் என்று சொல்கிற உபதேசியாருக்கும் அந்த வரியில் பெயர் கொடுக்கவில்லை. 1803-ல் பெரிய கோயில் சுவரில் மராத்தியில் செதுக்கிய போன்ஸ்லே வம்ச சரித்திரம் அரச குடும்பத்தின் கதை. ஃப்ளாக்ஸ்மன் பளிங்கில் ராஜாவும் பாதிரியாரும் இருக்கிறார்கள். நெல் ஏற்றிவந்தவர்கள் தங்கள் பக்கத்திலிருந்து எழுதி வைத்தது எதுவும் என் கண்ணில் பட்டதில்லை.

கேட்டுக்கொண்டிருக்கிறவர்களில் டெல்டாக்காரர்கள் இருந்தால் ஒரு வேண்டுகோள். ‘கலாபத்தப்போ’ என்று தொடங்கும் ஏதாவது ஒரு கதை உங்க வீட்டில், குலதெய்வக் கோயிலில், நெல்லைப் புதைத்து வைத்த குதிர் பற்றி, ஓட்டிப்போன மாடு பற்றி, ஊரைவிட்டு ஓடியது பற்றி இருந்தால், சொல்கிறவர் குரலிலேயே பதிவு செய்து அனுப்புங்க. யார் சொன்னது, அவருக்கு யார் சொன்னது என்பதையும் சேர்த்து.

அடுத்த எபிசோட் புதுச்சேரியில். ஆனந்தரங்கப் பிள்ளை 1736-லிருந்து தமிழில் எழுதிய நாட்குறிப்பு. அவருக்கு லண்டன் சங்கமும் இல்லை, ராமனாகப் பாட ராஜாவும் இல்லை. ஆனால் டூப்ளே என்று ஒரு முதலாளி இருந்தார்.